ஸ்கூபா முக்குளிப்பில் ஈயம்: எவ்வளவு, எங்கே, எதில்?

ஒரு வாசகரின் கேள்வி, 9 மார்ச் 2023

என் உடல் எடை 74 கிலோ. புதுச்சேரியில் 3 மி.மீ. வெட்சூட் (காற்றுக் குமிழிகள் நிறைந்த நியோப்ரீன் ரப்பர் உடை) அணிந்து, அலுமினிய சிலிண்டருடன் முக்குளிக்கிறேன். படகில் ஏறியதும், மிதக்காமல் நீரில் இறங்குவதற்காக, 8 கிலோ ஈயத்தைப் பெல்ட்டில் கோத்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டாவது டைவ் முடிந்து கரைக்குத் திரும்பும்போது இடுப்பு கழன்றுவிடும்போல் வலிக்கிறது. ஈயம் வைக்கும் பைகள் கூடவே பொருத்தப்பட்ட பிசிடி (மிதப்பைக் கூட்டவும் குறைக்கவும் காற்றை ஊதி வெளியேற்றும் மேற்சட்டை) வாங்கினால் வலி போய்விடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். விலை கொஞ்சநஞ்சமல்ல. வாங்கலாமா?

10 மார்ச் 2023

இப்போதைக்கு வாங்க வேண்டாம். எட்டுக் கிலோவைப் பெல்ட்டிலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டாலும் அது எட்டுக் கிலோதான். உங்கள் உடல்வாகுக்கும் அந்த உடைக்கும் கடல்நீரில் நான்கிலிருந்து ஆறு கிலோ வரை போதுமானதாக இருக்க வேண்டும். முதலில் அளவைச் சரிசெய்யுங்கள். பெல்ட்டா பையா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.

வலி ஈயத்தின் பாரத்தால் மட்டும் வருவதில்லை. தேவைக்கு மேல் மூன்று கிலோ இருந்தால், அதைத் தாங்கிப் பிடிக்கப் பிசிடிக்குள் கூடுதலாக மூன்று லிட்டர் காற்றை ஊத வேண்டியிருக்கும். காற்று மேற்சட்டையின் மேற்பகுதியில், அதாவது தோளையும் விலாவையும் ஒட்டிச் சேர்கிறது. ஈயமோ இடுப்பில் தொங்குகிறது. ஒன்று நெஞ்சை மேலே தூக்க, இன்னொன்று இடுப்பைக் கீழே இழுக்க, உடல் கிடையாக நிற்காமல் சாய்ந்து நிற்கிறது. அந்தச் சாய்வில் முன்னேற வேண்டுமென்றால் முதுகை வளைத்தபடியே காலை உதைக்க வேண்டும். நாற்பது நிமிடம் முதுகை வளைத்து வைத்திருந்தால் யாருக்குத்தான் வலிக்காது?

இதே மூன்று லிட்டர் காற்று இன்னொரு தொல்லையையும் தருகிறது. 18 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 2.8 பார், 5 மீட்டரில் 1.5 பார். கீழே மூன்று லிட்டராக இருந்த காற்று, நீங்கள் ஐந்து மீட்டருக்கு வருவதற்குள் ஐந்தரை லிட்டருக்கு மேல் விரிந்துவிடும். மேலே வருமுன் ஐந்து மீட்டரில் சில நிமிடம் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தில் ஒரே இடத்தில் நிற்க முடியாமல் மேலே கிளம்பிப் போகிறவர்கள் பெரும்பாலும் ஈயம் போதாதவர்கள் அல்லர். அளவுக்கு மீறி ஈயம் சுமந்து, அதற்கு ஈடாகக் காற்றையும் சுமந்தவர்கள்.

10 மார்ச், இரவு

ஏன் எட்டுக் கிலோ தருகிறார்கள் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். படகில் எட்டுப் பேர், வழிகாட்டி ஒருவர், மேற்பரப்பில் நீரோட்டம் என்றிருக்கும்போது, இறங்க முடியாமல் மேலேயே மிதந்துகொண்டிருக்கும் ஒருவர் மற்ற எழுவரின் நேரத்தையும் தின்றுவிடுவார். அதனால் கூட இரண்டு கிலோ கோத்துவிடுவது வழிகாட்டிக்கு எளிது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இறங்க முடியாததற்கு ஈயக் குறைவு காரணமாக இருப்பது அரிது. பதற்றத்தில் நெஞ்சு நிறைய மூச்சைப் பிடித்துக்கொள்வது, பிசிடியின் குழாயைப் போதிய உயரத்துக்குத் தூக்காததால் காற்று முழுவதும் வெளியேறாமல் இருப்பது, செங்குத்தாக நின்றபடி தன்னையறியாமலே காலில் மாட்டிய துடுப்பை அசைத்துத் தன்னை மேலே தள்ளிக்கொள்வது, காய்ந்த வெட்சூட்டுக்குள் காற்று சிக்கியிருப்பது ஆகிய நான்கும்தான் வழக்கமான காரணங்கள். இதனால்தான் அதே ஆள் இரண்டாவது டைவில் இரண்டு கிலோ குறைவாகக் கட்டினாலும் தடையின்றி இறங்கிவிடுகிறார்.

12 மார்ச் 2023

அளவைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உடல் எடையில் இத்தனை விழுக்காடு என்று சொல்லும் கணக்குகள் தொடக்கப்புள்ளி மட்டுமே. தசை மிகுந்த 74 கிலோவும் தொந்தி போட்ட 74 கிலோவும் தண்ணீரில் ஒன்றல்ல.

பயிற்சி வகுப்பில் சொல்லித்தரும் முறை இது: ரெகுலேட்டரை (சிலிண்டரின் காற்றைச் சுவாசிக்க உதவும் கருவி) வாயில் வைத்து, பிசிடியைக் காலி செய்து, இயல்பான ஒரு மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றால் நீர்மட்டம் கண்ணளவில் இருக்க வேண்டும், மூச்சை விட்டதும் மெல்ல மூழ்க வேண்டும். முறை சரிதான். ஆனால் சிலிண்டர் நிரம்பியிருக்கும்போது இதைச் செய்தால், இனிமேல் நீங்கள் சுவாசித்து வெளியேற்றப்போகும் காற்றின் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 11.1 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று, லிட்டருக்கு 1.2 கிராம் வீதம் அது இரண்டே முக்கால் கிலோவை நெருங்குகிறது. அதில் 150 பாரை நீங்கள் செலவழித்தால் இரண்டு கிலோ போய்விடும். புதுச்சேரியிலும் அந்தமானிலும் திருகோணமலையிலும் கிடைக்கும் வழக்கமான அலுமினிய சிலிண்டர், நிரம்பியிருக்கும்போது நீரில் சற்றே கனக்கிறது. காலியாக ஆக மிதக்கத் தொடங்குகிறது. ஆகவே நிரம்பிய சிலிண்டருடன் சோதித்தவர், கிடைத்த அளவுடன் இரண்டு கிலோ சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நான் விரும்புவது டைவின் முடிவில் செய்யும் சோதனையை. நங்கூரக் கயிற்றின் அருகில், நான்கைந்து மீட்டர் ஆழத்தில், சிலிண்டரில் 50 பார் மீதியிருக்கும்போது பிசிடியை முழுக்கக் காலி செய்யுங்கள். கையைக் கட்டிக்கொண்டு துடுப்பை அசைக்காமல் இயல்பாக மூச்சு விடுங்கள். மூச்சை இழுக்கும்போது ஒரு சாண் மேலே போய், விடும்போது அதே அளவு கீழே இறங்கினால் அளவு சரி. சீராகக் கீழே போய்க்கொண்டே இருந்தால் ஈயம் அதிகம். துணைக்கு இருப்பவரிடம் அரைக் கிலோ ஈயக் கட்டி ஒன்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மறுபடியும் பாருங்கள். மேலே போனால் அவரிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். தனியாகச் செய்ய வேண்டாம்.

12 மார்ச், பிற்பகல்

நீச்சல் குளத்தில் கண்டுபிடித்த அளவு கடலுக்கு ஆகாது. கடல்நீர் நன்னீரைவிட இரண்டரை விழுக்காடு அடர்த்தி மிகுந்தது. உடலும் உபகரணமும் சேர்ந்து 95 கிலோ என்றால், குளத்திலிருந்து கடலுக்குப் போகும்போது இரண்டே கால் கிலோவுக்குச் சற்று மேல் கூட்ட வேண்டும்.

15 மார்ச் 2023

பெல்ட்டைப் பற்றி. இரண்டு அங்குல நைலான் பட்டையும் ஒரு கொக்கியும்தான், கெடுவதற்கு எதுவுமில்லை. எல்லாப் படகிலும் கிடைக்கும். ஆனாலும் பாதிப் பேர் தவறாகக் கட்டுகிறார்கள் என்பதால் இந்தக் குறிப்பு நீளப்போகிறது.

கட்டிகளைக் கோக்கும்போது முதுகுத்தண்டுக்கு நேராக எதையும் வைக்காதீர்கள். சிலிண்டர் அந்த இடத்தில் வந்து இடிக்கும். இரு பக்கமும் சமமாக, இடுப்பெலும்புக்குச் சற்று முன்னால் வருமாறு கோத்துக்கொள்ளுங்கள். கட்டியின் ஒரு துளையில் பட்டையை நுழைத்து, அரைத் திருகு திருகி, அடுத்த துளையில் வெளியே எடுத்தால் கட்டி நகராது. தனியாகப் பிளாஸ்டிக் தடுப்பு வாங்க வேண்டிய தேவையே இல்லை. தூக்கும்போது கொக்கி இல்லாத முனையைப் பிடித்துத் தூக்குங்கள். கொக்கி கீழே இருந்தால் கட்டிகள் நழுவி விழாமல் அது தடுத்துக்கொள்ளும். கொக்கியைப் பிடித்துத் தூக்கியவரின் இரண்டு கிலோ கட்டி பக்கத்தில் நின்றவரின் கால் கட்டைவிரலில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்த இருவருமே தண்ணீரில் இறங்கவில்லை.

கட்டும்போது முன்னால் குனிந்து, பெல்ட்டை இடுப்பின் பின்புறத்தில் கிடத்தி, கட்டிகள் முதுகில் அமர்ந்திருக்கும்போதே இறுக்குங்கள். நிமிர்ந்து நின்று இறுக்கினால் வயிற்றைத்தான் இறுக்குவீர்கள். பெல்ட் உட்கார வேண்டிய இடம் வயிறு அன்று. அரைஞாண் கயிறு கிடக்குமே, அந்த இடம். கொக்கி வலக்கையால் ஒரே இழுப்பில் திறக்க வேண்டும், பட்டையின் நுனி ஒரு சாண் தொங்க வேண்டும். நுனியை அழகாக மடித்துச் செருகி வைக்காதீர்கள். அவசரத்தில் அது அவிழாது.

ஆழத்துக்குப் போகப்போக வெட்சூட் நசுங்கும். மேலே இறுக்கமாக இருந்த நைலான் பெல்ட் பதினைந்து மீட்டரில் தளர்ந்துவிடும். தளர்ந்த பெல்ட் சுற்றிக்கொண்டு கட்டிகளெல்லாம் ஒரு பக்கத்துக்கு வந்துவிட்டால், அந்தப் பக்கமாகவே உடல் உருளும். இறங்கி முடித்ததும் ஒருமுறை குப்புறப் படுத்த நிலையில் பெல்ட்டை மறுபடி இறுக்குவது என் வழக்கம். ரப்பர் பெல்ட்டில் இந்தத் தொல்லை இல்லை. மேலே இழுத்துக் கட்டிய ரப்பர் கீழே தானாகவே சுருங்கி உடலோடு ஒட்டியிருக்கும். நுரையீரலில் காற்று மட்டுமே கொண்டு ஆழம் போகும் மூச்சடக்கி முக்குளிப்பவர்களில் பெரும்பாலோர் ரப்பர் பெல்ட் கட்டுவதற்கு இதுவே காரணம். ஸ்கூபாவுக்கும் அது நன்றாகப் பொருந்துகிறது.

16 மார்ச் 2023

'எனக்கு இடுப்பே இல்லை, கட்டியதெல்லாம் முழங்காலுக்கு வந்துவிடுகிறது, நான் என்ன செய்வது' என்று ஒருவர். ஒல்லியான ஆண்களின் பொதுப் பிரச்சினை இது. வேட்டி நிற்காத இடுப்பில் பெல்ட் எப்படி நிற்கும்? உங்களுக்கு உண்மையாகவே பைகள் பொருத்திய பிசிடி உதவும். அல்லது தோளில் மாட்டும் வார் கொண்ட எடைப் பட்டை இருக்கிறது, அதைத் தேடிப் பாருங்கள். ரப்பர் பெல்ட்டையும் ஒருமுறை முயன்றுவிட்டு முடிவு செய்யுங்கள்.

21 மார்ச் 2023

எடைப் பைகள் கொண்ட பிசிடியை நான் குறைத்துப் பேசுகிறேன் என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். நீருக்குள் அது வசதியானது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. இடுப்பில் எதுவும் அழுத்தாது, சுற்றிக்கொள்ளாது, வயிறு தாராளமாக விரியும். என் தயக்கமெல்லாம் படகைப் பற்றியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிரம்பிய அலுமினிய சிலிண்டர் 17 கிலோ, பிசிடி நான்கு, ரெகுலேட்டர் ஒன்றுக்கு மேல், அதனுடன் ஈயம் ஆறு. ஆக 28 கிலோவை ஆடுகிற படகில் உட்கார்ந்த நிலையிலிருந்து முதுகில் தூக்கி எழ வேண்டும். எனக்கு இடுப்புத்தண்டில் பழைய வட்டு விலகல் உண்டு. நீருக்குள் நாற்பது நிமிடத்தில் வராத வலி, அந்த எழுந்து நிற்கும் மூன்று நொடியில் வந்துவிடும். ஈயம் பெல்ட்டில் இருந்தால் முதலில் அதைக் கட்டிக்கொண்டு, மற்றதைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம். திரும்பும்போது பெல்ட்டைக் கழற்றிப் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டு, இலேசான உடம்புடன் ஏணியில் ஏறலாம். பைகளையும் அப்படியே உருவிக் கொடுக்கலாமே என்பீர்கள். கொடுக்கலாம், அலையில் தலை ஆடிக்கொண்டிருக்கும்போது மூன்று கிலோ பை ஒன்று கைநழுவிப் போவதும் உண்டு. பெல்ட் நழுவினாலும் போகும்தான், ஆனால் ஒரு பெல்ட்டின் விலைக்குப் பிசிடி நிறுவனம் விற்கும் ஒற்றைப் பைகூட வராது.

பைகள் எப்படிப் பூட்டப்படுகின்றன என்பதைப் பாருங்கள். வெல்குரோ மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் பழைய வகையில் மணலும் உப்பும் ஏறியபின் பிடிப்பு போய்விடும். வாடகைப் பிசிடி ஒன்றில், எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை, எனக்குப் பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்தவரின் இடப்பக்கப் பை பதினான்கு மீட்டர் ஆழத்தில் தானாகவே கழன்று விழுந்தது. மூன்று கிலோ ஒரே நொடியில் போய்விட்டது. அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து மேலே கிளம்ப, வழிகாட்டி அவருடைய துடுப்பைப் பிடித்து நிறுத்திக் காற்றை வெளியேற்றினார். பை கிடைத்தது, அதன் வெல்குரோவில் பாசி முளைத்திருந்தது. சொடுக்கிப் பூட்டும் கொக்கி உள்ள வகையாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். வாடகைக்கு எடுத்தால் இறங்குவதற்குமுன் இரண்டு பைகளையும் கையால் இழுத்துப் பாருங்கள்.

24 மார்ச் 2023

நேற்று ஒரு வாசகி கேட்டது முக்கியமான கேள்வி: முதுகு வலி உள்ளவர்கள் உபகரணத்தை நீரில் இறக்கி, அங்கேயே மாட்டிக்கொள்ளலாமா? தாராளமாகச் செய்யலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் ஈயம் எங்கே இருக்கிறது என்பது இங்கே குறுக்கிடுகிறது. ஈயம் முழுவதும் பிசிடியில் இருந்தால், அதைக் கழற்றிய மறுகணம் வெட்சூட் அணிந்த நீங்கள் மேலே மிதப்பீர்கள், உபகரணம் கீழே இழுக்கும். ஈயம் முழுவதும் உங்கள் இடுப்பில் இருந்தால், உபகரணம் மேலே மிதக்க நீங்கள் கீழே போவீர்கள். எடையை இரண்டாகப் பிரித்துவிட்டால் இரண்டுமே மிதமாக இருக்கும். பிசிடியில் சிறிது காற்றை ஊதிவிட்டே படகிலிருந்து இறக்கச் சொல்லுங்கள்.

எனக்குப் பொருந்திய ஏற்பாடு இந்த வழியில்தான் வந்தது: இடுப்பில் மூன்று கிலோ, சிலிண்டரைச் சுற்றிய பட்டையில் கோத்த சிறு பைகளில் இருபுறமும் ஒவ்வொரு கிலோ.

24 மார்ச், இரவு

சிலிண்டர் பட்டையில் வைப்பதற்கு வலி ஒன்றே காரணம் அன்று. நெஞ்சில் காற்று, இடுப்பில் ஈயம், கால்களில் தசை என்று இருக்கும் ஆண்களில் பலருக்கு நீரில் கால்கள் தாழும். இடுப்பிலிருந்து இரண்டு கிலோவைத் தோள்பட்டை உயரத்துக்கு நகர்த்தினால் உடல் தானாகவே கிடையாகிறது. அதற்குப் பிறகு துடுப்பு மணலைக் கிளறுவதில்லை, காற்றும் அதிக நேரம் வருகிறது. அசையாமல் கையைக் கட்டிக்கொண்டு மிதந்து பாருங்கள். முதலில் கால் தாழ்ந்தால் ஈயத்தை மேலே நகர்த்துங்கள், தலை தாழ்ந்தால் கீழே நகர்த்துங்கள்.

27 மார்ச் 2023

முந்தைய குறிப்பை ஆண்களை வைத்தே எழுதியிருக்கிறேன் என்று அதே வாசகி சுட்டிக்காட்டியதை ஏற்கிறேன். பெண்களில் பலருக்குத் தொடையும் இடுப்பும் மிதக்கும், கால்கள் மேலே கிளம்பும். அவர்கள் சிலிண்டரின் மேற்பகுதியில் ஈயத்தை வைத்தால் தலைகீழாகத்தான் நிற்க வேண்டியிருக்கும். அவர்களுக்கு இடுப்பெலும்புக்குக் கீழே தாழ்த்திக் கட்டிய பெல்ட்டே நல்லது. கனமான ரப்பர் துடுப்பு அணிந்தால் இன்னும் உதவும். கணுக்காலில் கட்டும் எடையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு உதைக்கும் அந்த எடையையும் சேர்த்து உதைக்க வேண்டியிருப்பதால் தொடை களைத்துவிடும்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அலுமினிய சிலிண்டர் காலியாக ஆக அதன் அடிப்பகுதி மேலே தூக்கும். ஆகவே நிரம்பிய சிலிண்டருடன் சமமாக இருந்த நிலை முடிவில் மாறும். சோதனையை டைவின் பிற்பகுதியில் செய்யச் சொல்வது இதற்காகவும்தான்.

2 ஏப்ரல் 2023

சிலிண்டரில் கட்டிய ஈயத்தை அவசரத்தில் கழற்ற முடியாதே என்று ஒருவர் கோபமாகவே எழுதியிருக்கிறார். கோபம் நியாயமானது. முக்குளிப்பு இறப்புகளை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று: மீட்கப்பட்ட உடல்களில் பெரும்பாலானவற்றில் எடை கழற்றப்படாமல் அப்படியே இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் கழற்றக்கூடியதாக வைப்பது இதற்குத் தீர்வாகாது. பதினெட்டு மீட்டரில் ஆறு கிலோவையும் ஒருசேர உதறினால் நிறுத்த முடியாத வேகத்தில் மேலே வருவீர்கள், அதுவும் ஆபத்துதான்.

நான் கணக்கிடும் விதம் இது. அளவு சரியாக இருக்கிற ஒருவர் கீழே இறங்கிய தொடக்கத்தில், பிசிடி கிழிந்து காற்றே நிற்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் அப்போது கனப்பது எவ்வளவு? இன்னும் செலவழிக்காத காற்று இரண்டு கிலோ, 3 மி.மீ. உடை நசுங்கியதால் இழந்த மிதப்பு ஒன்றரை கிலோ என்று வையுங்கள். மூன்றரைக் கிலோவை நல்ல துடுப்புடன் நீந்தித் தூக்கிவிடலாம். முடியாவிட்டால் இடுப்பிலிருக்கும் மூன்று கிலோவைக் கழற்றினால் போதும். ஆகவே கழற்றக்கூடிய பங்கு இரண்டு மூன்று கிலோவுக்குக் குறையக்கூடாது, கழற்ற முடியாத பங்கு அதைவிட அதிகமாகவும் இருக்கக்கூடாது என்பது என் விதி. தடித்த உடையும் குளிர்நீரும் உள்ள இடத்தில் இந்தக் கணக்கு மாறும்.

மேற்பரப்புக்கு வந்தபின் தயக்கமே வேண்டாம். மிதக்கச் சிரமப்பட்டால் உடனே பெல்ட்டை உதறுங்கள். ஈயத்தின் விலையை நினைத்துப் பார்க்கும் நேரம் அதுவல்ல.

6 ஏப்ரல் 2023

'நம் முன்னோர் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டே இறங்கினார்களே, இத்தனை கணக்கு எதற்கு' என்று ஒரு நகைச்சுவை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்கியது உண்மைதான். ஆனால் அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார்கள். படகில் இருந்தவர்கள் அதை மேலே இழுத்துக்கொள்வார்கள். சிப்பியைக் கூடையில் சேர்த்ததும் குளியாளையும் கயிற்றால் இழுத்தார்கள். இறங்க மட்டும் எடை, ஏற எடை வேண்டாம். நடுநீரில் நிற்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. எடையை வேலை முடிந்ததும் விட்டுவிடும் அந்த ஏற்பாடு அவர்கள் தொழிலுக்கு நம்முடைய எந்தப் பிசிடியையும்விடப் பொருத்தமானது. நாமோ நாற்பது நிமிடம் இறங்காமலும் ஏறாமலும் இருக்க விரும்புகிறோம். நமக்கு வேண்டியது வேறு. பிரான்ஸில் மொரீஸ் ஃபென்ஸி 1961இல் கழுத்தில் மாட்டும் காற்றுப் பையைக் கொண்டுவரும்வரை ஸ்கூபா முக்குளிப்பவர்களும் ஊதிச் சமாளிக்க வழியில்லாமல், ஈயத்தை மிகச் சரியாக அளந்தே கட்டினார்கள். இன்று எட்டுக் கிலோ கட்ட முடிவதற்குக் காரணம் அந்தப் பைதான்.

7 ஏப்ரல் 2023

மீன் வலையில் கட்டும் ஈயக் குண்டுகளை வாங்கித் துணிப்பையில் தைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கேள்வி. எடைக்கு எடை ஈயம்தான், செய்யலாம். குண்டுகள் நிறைந்த பை உடலோடு வளைந்து கொடுப்பதால் கட்டியைவிட இதமாகவும் இருக்கும். ஆனால் பூச்சில்லாத ஈயக் குண்டுகள் ஒன்றோடொன்று உரசிச் சாம்பல் நிறச் சேறாகக் கசியும். கையில் அது ஒட்டிய நிலையில் படகில் கொடுக்கும் பிஸ்கட்டைத் தின்னாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பழைய பேட்டரியிலிருந்து ஈயம் உருக்கி வார்க்கலாம் என்று அதற்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம், அந்தப் புகையும் தூசியும் வீட்டிலுள்ள குழந்தைகளுக்குத்தான் முதலில் கேடு செய்யும்.

19 ஏப்ரல் 2023

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். ஐந்து கிலோவில் நிற்கிறார். முதல் டைவில் வலியே இல்லை, இரண்டாவது முடிந்ததும் கொஞ்சம் இருக்கிறது என்கிறார். மூன்று கிலோ குறைந்ததற்கு இது எதிர்பார்த்ததுதான். மிச்சமிருக்கும் வலி நீருக்கு வெளியே வருகிறதா என்று பாருங்கள்: இரண்டு டைவுக்கும் இடையில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறீர்களா, சிலிண்டர் மாற்றும்போது பிசிடியோடு சேர்த்துத் தூக்குகிறீர்களா? அடுத்த முறை சிலிண்டர் பட்டையில் இரண்டு கிலோவை மாற்றிப் பாருங்கள். அதற்கு இரண்டு சிறு பைகள்தான் செலவு.

எஃகுத் தகடு வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். சிலிண்டருக்கும் முதுகுக்கும் இடையில் தட்டையாகப் படியும் அந்தத் தகடு இரண்டரை முதல் மூன்று கிலோ இருக்கும். எடை முதுகு முழுவதும் பரவுவதால் உங்கள் அளவுக்கு இடுப்பில் இரண்டு கிலோ மட்டும் போதும். நீருக்குள் இதைவிட வசதியானது எனக்குத் தெரியாது. ஆயினும் அதைக் கழற்றிப் போட முடியாது. விமானத்தில் போனால் ஈயத்தை அங்கே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், தகட்டை நீங்கள்தான் சுமக்க வேண்டும். எஃகு சிலிண்டர் புழங்கும் ஊரில் 3 மி.மீ. உடையுடன் அந்தத் தகட்டைப் போட்டால் ஈயமே இல்லாமல்கூட அளவு மிஞ்சக்கூடும். புதுச்சேரியிலேயே முக்குளிப்பவர் என்றால் வாங்கலாம், ஊர் ஊராகப் போகிறவர் என்றால் அலுமினியத் தகடு போதும்.

3 மே 2023

புது வெட்சூட் வாங்கியபின் மறுபடி மேலே மிதப்பதாக ஒருவர் எழுதியிருக்கிறார். புது நியோப்ரீனில் குமிழிகள் முழுமையாக இருக்கும்; பழையதில் பாதி நசுங்கிப் போயிருக்கும். தடிமன் அதே 3 மி.மீ. என்றாலும் ஒரு கிலோவரை கூட்ட வேண்டியிருக்கலாம், உடை பழகப் பழக அதைக் குறைக்கலாம். டைவ் குறிப்பேட்டில் கிலோவை மட்டும் எழுதாமல், எந்த உடை, எந்தச் சிலிண்டர், நன்னீரா உப்புநீரா, முடிவில் எத்தனை பார் மீதி என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள்.